பெருவீட்டார்: கிழக்குக் கிரீன்லாந்துச் சிற்றூர் ஒன்றின் நிலமும் மக்களும் பெயரும்

ஓர் ஊரின் பெயரை வேற்றுமொழியில் எழுத முற்படும் மொழிபெயர்ப்பாளர், அப்பெயர் யாருடைய நாவில் பிறந்தது என்று முதலில் வினவுதல் வேண்டும். கிழக்குக் கிரீன்லாந்தின் இட்டொக்கொர்ட்டோர்மீட் இவ்வினாவின் தேவையைத் தெளிவாகக் காட்டுகிறது.

இவ்வூர் ஏறத்தாழ 70½ பாகை வட அகலாங்கில், உலகின் மிகப்பெரிய கடற்கழித் தொகுதியான ஸ்கோர்ஸ்பி சுண்டின் வாயிலருகே அமைந்துள்ளது. கடல் ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடப்பதால், சரக்குக் கப்பல்கள் கோடையில் ஓரிரு முறையே வரவியலும். விமான நிலையம் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து ஊரை அடைய ஹெலிகாப்டரே துணை. வடக்கே, 1974-இல் நிறுவப்பட்ட தேசியப் பூங்கா பரந்து கிடக்கிறது. அதில் ஊர் எதுவும் இல்லை. எனினும் கழியின் வாயில் குளிர்காலத்திலும் முற்றாக உறையாத நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. சீல், வால்ரஸ் முதலிய கடல் விலங்குகள் அங்குக் கூடுவதனாலேயே வேட்டைக் குடிகளுக்கு இவ்விடம் ஏற்றதாயிற்று.

இங்குள்ள மக்கள் தொன்றுதொட்டுத் தொடர்ந்து வாழ்ந்தவர்கள் அல்லர். பழைய இனுவிட் குடிகளின் வீட்டுச் சிதைவுகள் மட்டுமே எஞ்சியிருந்த இக்கரையில், 1925-இல் டென்மார்க்கின் எய்னார் மிக்கெல்சன் முயற்சியால் சுமார் 80 பேர் குடியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் தெற்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அம்மசாலிக் பகுதியினர். சில குடும்பங்கள் மேற்குக் கரையிலிருந்து வந்தவை. அம்மசாலிக்கில் மக்கள் பெருகியதும் வேட்டை குறைந்ததும் ஒரு காரணம். கிழக்குக் கிரீன்லாந்தின் மீது நார்வே கொண்டாடிய உரிமைக்கு எதிராக டென்மார்க் தன் உரிமையை நிலைநாட்ட விரும்பியது மற்றொன்று. அவ்வழக்கு 1933-இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் டென்மார்க்கிற்குச் சாதகமாக முடிந்தது.

மொழியியலாருக்கு இக்குடியேற்றத்தின் சான்று ஊர்ப்பெயரிலேயே உள்ளது. மேற்குக் கிரீன்லாந்து வழக்கில் இப்பெயர் இல்லொக்கொர்ட்டோர்மியுட். 'இல்லு' என்பது வீடு. இடைநிலை பெருமையைக் குறிக்கும். 'மியுட்' என்பது ஓரிடத்து வாழ்வோரைச் சுட்டும் விகுதி, நம் 'ஊரார்', 'நாட்டார்' என்பவற்றின் 'ஆர்' போல. ஆகவே 'பெருவீட்டார்' எனப் பெயர்க்கலாம். ('இல்லு' என்பதைக் கண்டதும் தமிழ் 'இல்' நினைவிற்கு வருதல் இயல்பே. அது தற்செயல் ஒப்புமை. அங்குள்ள இரட்டை லகரம் குரலற்ற உரசொலி.) கிழக்கு வழக்கில் அந்த உரசொலி 'ட்ட' ஆகிறது, மேற்கின் உகரம் பலவிடத்து இகரமாகிறது. இவ்விரு மாற்றங்களாலேயே 'இல்லொ-' 'இட்டொ-' ஆகவும், '-மியுட்' '-மீட்' ஆகவும் நிற்கின்றன. அருகில் குடிகள் விட்டுச்சென்ற ஊனார்ட்டெக் என்னும் சிற்றூரின் பெயரும் இவ்வகையினதே. மேற்கில் அது ஊனார்ட்டொக். வெந்நீர் ஊற்றால் வந்த பெயர் அது.

கிழக்கு வழக்கில் சொற்கள் மாறியதற்கு ஒலித்திரிபு மட்டும் காரணமன்று. இறந்தவர் பெயரைச் சொல்லலாகாது என்னும் விலக்கு அங்கு வலுவாக இருந்தது. மக்கட்பெயர்கள் பல பொதுச்சொற்களாகவும் இருந்தமையால், ஒருவர் இறந்ததும் அப்பொருளுக்கு வேறு சொல் புனைய நேர்ந்தது. பெரும்பாலும் அது பொருளின் பயனையோ தோற்றத்தையோ விளக்கும் சொல்லாகவே அமைந்தது. மேற்குக் கிரீன்லாந்து அகராதியை மட்டும் கையில் கொண்டு கிழக்கு நூல்வழக்கைப் பெயர்க்க இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

2009-இல் கிரீன்லாந்து மொழி ஒன்றே ஆட்சிமொழியாயிற்று. ஆனால் பள்ளியிலும் அலுவலகத்திலும் எழுதப்படுவது மேற்கு வழக்கு. கிழக்கு வழக்கைப் பேசுவோர் ஏறத்தாழ மூவாயிரவர். அவருள் பெரும்பாலோர் தெற்கே டாசீலாக் வட்டாரத்தினர். இட்டொக்கொர்ட்டோர்மீட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2020-இல் எஞ்சியோர் 345 பேர். 2009 முதல் ஊரின் நிர்வாகமும் மறுகரையிலுள்ள நூக் நகரைத் தலைமையாகக் கொண்ட நகராட்சியைச் சேர்ந்தது.

இந்நிலையில் ஆட்சி ஏடுகளில் ஊர்ப்பெயர் கிழக்கு வடிவிலேயே எழுதப்படுவது குறிப்பிடத்தக்கது. தமிழிலும் அவ்வடிவையே ஆளுதல் தகும். டேனிய வழக்கான 'ஸ்கோர்ஸ்பிசுண்ட்' என்பதைப் பழைய ஆவணங்களைப் பெயர்க்கும்போது மட்டும் அவ்வாறே விட்டுவிடலாம்.