அலுவலகம் ஆவடியில், வாடகை பாரிவாக்கத்தில்

பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடினால் வாடகையோடு கணக்கு முடிவதில்லை. அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், மோட்டார் கரண்டு, கேன் தண்ணீர் எல்லாம் தனித்தனி. பூந்தமல்லிக்கு மெட்ரோ வேலை தொடங்கியபின் வீட்டுக்காரர்கள் அதையும் சொல்லித்தான் தொகை கேட்கிறார்கள்.

இங்கே குடியிருந்து, ஆவடியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பட்ஜெட் எஸ்டிமேட் தயாரிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். வீட்டு வாடகைப் படி 30 சதவீதம், அதாவது 13,470 ரூபாய். அதே நாற்காலி மதுரையில் என்றால் 8,980. திருநெல்வேலியில் 4,490தான்.

இந்த வேறுபாடு மக்கள்தொகையால் வருகிறது: 50 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம் 'எக்ஸ்', 5 லட்சத்துக்கு மேல் 'ஒய்', மற்ற ஊர்களெல்லாம் 'இசட்'. 2011 கணக்கெடுப்பில் நெல்லையும் சுற்றுப்புறமும் சேர்ந்து 5 லட்சத்தைத் தொடச் சில ஆயிரம் பேர்தான் குறைந்தார்கள். அதற்காக அங்குள்ள ஊழியர்கள் மதுரைக்காரர் வாங்குவதில் பாதியைத்தான் இன்றுவரை வாங்குகிறார்கள். இதை நியாயம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கோணல், படி பார்ப்பது பணியிடத்தை, குடியிருக்கும் இடத்தை அல்ல. பாரிவாக்கத்தில் ஒரே தெருவில் ஒரே வாடகை கொடுக்கும் இருவரில் ஒருவருக்கு வேலை ஆவடியில், மற்றவருக்குக் காஞ்சிபுரத்தில். முதலாமவருக்கு 13,470. தினமும் நெடுந்தூரம் போய்வரும் இரண்டாமவருக்கு 4,490.

அகவிலைப்படியோ நாடு முழுக்க ஒரே விகிதம். 88 மையங்களின் விலைக் குறியீட்டெண்ணைச் சேர்த்துப் போடும் சராசரியில் சென்னையின் விலைவாசி கரைந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1994 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு வட்டாரவாரிச் சம்பளம் உண்டு. ஆனால் அங்கே ஒப்பிடுவது அந்த வட்டாரத்தில் மத்திய அரசு சாராத வேலைகளின் சம்பளத்தை, வாடகையை அல்ல.

நம்மிடம் வாடகையை அளக்க வழி இல்லாமல் இல்லை. அதே விலைக் குறியீட்டெண்ணுக்காக மத்திய அரசின் லேபர் பீரோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாடகை விவரம் சேகரிக்கிறது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025இல் அமைந்த எட்டாவது ஊதியக் குழு தலை எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, அந்த வாடகை விவரத்தை வைத்து ஊர்களை வகைப்படுத்த வேண்டும். சென்னைக்கு ஒரே அளவு என்றில்லாமல் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று புறநகர்களையும் தனித்தனியே அளக்க வேண்டும்.