வடிகுழாய் நழுவினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

சிறுநீரகக் கல் சிகிச்சைக்குப் பின்பும், சிறுநீர்ப் பாதை அடைபட்ட நிலையிலும், சிலருக்கு முதுகுப்புறம் வழியாகச் சிறுநீரகத்தினுள் மெல்லிய வடிகுழாயைப் பொருத்துகிறோம். முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை அகற்றும் முறையைச் சுவீடன் மருத்துவர்கள் 1976-இல் வெளியிட்டனர். காயம் சிறிது என்பதால் நோயாளர் விரைவில் வீடு திரும்புகிறார். குழாயைக் காக்கும் பொறுப்பு குடும்பத்தாரிடம் வருகிறது.

சோலூர் போன்ற குளிர்ந்த ஊர்களில் கம்பளியும் சால்வையும் குழாயை மறைத்துவிடுகின்றன. புரண்டு படுக்கையில் அது சிக்கி இழுபடலாம். முதுகில் கூடை சுமப்பதும், குனிந்து தோட்ட வேலை செய்வதும் கூடாது. பை எப்போதும் சிறுநீரகத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும். குழாய் தோலைவிட்டு வெளிவரும் இடத்தில் இடப்பட்ட அடையாளத்தை நாள்தோறும் பாருங்கள். அடையாளம் வெளியே நகர்ந்திருந்தாலும், பையில் சிறுநீர் திடீரென நின்றாலும், குழாயைச் சுற்றிக் கசிந்தாலும், குழாய் இடம் மாறியிருக்கக்கூடும்.

அந்நிலையில் குழாயை உள்ளே தள்ளாதீர்கள். வெளியே இழுக்கவும் வேண்டாம். இருக்கும் நிலையிலேயே பிளாஸ்டரால் ஒட்டுங்கள். முழுவதும் வெளியேறிவிட்டால், தூய துணியால் துளையை மூடி, குழாயையும் கையோடு கொண்டுவாருங்கள்.

புதிதாக அமைந்த பாதை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். விரைந்து வந்தால், எக்ஸ்ரே உதவியுடன் அதே பாதையில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் புதுக் குழாயைப் பொருத்த இயலலாம். தாமதித்தால் சிறுநீரகத்தில் மீண்டும் துளையிட நேரிடும். சிலருக்கு மறுகுழாய் தேவைப்படாது. ஆனால் அதைப் பரிசோதித்த பின்னரே முடிவு செய்யலாம்.

அரிதாகக் குழாயின் நுனி இரத்தக் குழாயினுள் சென்றுவிடுவதுண்டு. பை இரத்தத்தால் நிறைந்தால் குழாயின் அடைப்பானை மூடி, உடனே 108-ஐ அழையுங்கள். அத்தகைய குழாயை இரத்தம் ஏற்றும் ஏற்பாட்டுடன், படக்கருவியில் பார்த்தபடி நாங்களே மெல்லப் பின்னிழுப்போம். வீட்டில் இழுத்தால் உயிருக்கே ஆபத்து.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் விலாவலியும் வந்தால், அடைபட்ட சிறுநீரகத்தின் கிருமி இரத்தத்தில் பரவுவதாக இருக்கலாம். நீலகிரிக் குளிரால் வந்த நடுக்கம் என எண்ணி இருந்துவிடாதீர்கள். சோலூரிலிருந்து உதகைக்கு வளைவுகளைக் கடந்து வரவேண்டும். மூடுபனி இறங்கினால் பயணம் நீளும். எனவே ஐயம் எழுந்த அந்நேரமே புறப்படுங்கள். குழாய் சரியாகவே இருந்தாலும், வந்ததற்காக நாங்கள் வருந்தமாட்டோம்.