விண்ணிடைச் சந்திப்பு

விண்வெளியிற் செல்லும் இரு கலங்கள் ஒன்றையொன்று அணுகி இணைவதைப் பலரும் எளிய செயலென்றே எண்ணுவர். பின் செல்லும் கலம் விசையை மிகுத்து விரைந்து சென்று, முன் செல்லும் கலத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் கருத்து. உண்மை அஃதன்று. அங்கே முந்த விரும்புவோன் முதலில் தாழவேண்டும். சேர விரும்புவோன் மிக மெல்லச் செல்லவேண்டும். அமெரிக்க நாட்டின் டிஸ்கவரி என்னும் விண்ணோடம் 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்த வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குவாம்.

அந்நிலையம் அப்பொழுது பூமிக்கு மேல் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்துடன், ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை பூமியை வலம் வந்துகொண்டிருந்தது. பூமியை நெருங்க நெருங்க அதன் ஈர்ப்பு மிகும். ஆதலின், தாழ்ந்த பாதையிற் செல்லும் கலம் கீழே விழாதிருத்தற்கு அதிக வேகத்துடன் ஓடவேண்டும். அது சுற்றும் வட்டமும் சிறியது. பந்தயத் திடலில் உள்வட்டத்தில் ஓடுவோன் வெளிவட்டத்தில் ஓடுவோனை எளிதில் எட்டிப் பிடிப்பது போல, தாழ்ந்த கலம் உயர்ந்த கலத்தை எட்டிவிடும். அவ்வாறின்றி, நிலையத்திற்குப் பின்னே அதே உயரத்தில் நின்று விசையை முன்னோக்கிச் செலுத்தினால், ஓடம் மேலெழுந்து, பெரிய வட்டத்திற் புகுந்து, முன்னிலும் பின்தங்கிப்போம். இது பற்றியே ஜூலை 26-ஆம் நாள் புறப்பட்ட டிஸ்கவரி, தாழ்ந்த பாதையில் ஓடிப் படிப்படியாக உயர்ந்து, 28-ஆம் நாள் நிலையத்தின் அருகே வந்து சேர்ந்தது.

நிற்க, அப்பயணத்திற்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கொலம்பியா என்னும் ஓடம் புறப்படுகையில், அதன் வெளிப்புற எரிபொருட் கலத்தினின்று நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கியது. சிறகைப் படமெடுத்துப் பார்க்கவேண்டுமென்று பொறியியல் அறிஞர் சிலர் விரும்பினர், அது நிறைவேறவில்லை. பிப்ரவரி 1-ஆம் நாள் திரும்பும் வழியில், வளிமண்டலத்தின் வெப்பம் அச்சிதைவின் வழியே உட்புகுந்து ஓடத்தை அழித்தது. நம் நாட்டிற் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் மாண்டனர். கொலம்பியா சென்ற பாதை வேறாதலின், விண்வெளி நிலையத்திற் சென்று அடைக்கலம் புகவும் அவர்களுக்கு வழியில்லை.

இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் முதன்முதல் சென்ற ஓடம் டிஸ்கவரியே. அதன் தலைவி ஐலீன் காலின்ஸ் அம்மையார். விண்ணோடத்திற்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி இவரே. நிலையத்திற்குக் கீழே ஏறத்தாழ 180 மீட்டர் தொலைவில் ஓடத்தை நிறுத்தி, அதனை முழுவதும் ஒருமுறை மெல்லக் குட்டிக்கரணம் போடச் செய்தார். இங்ஙனம் சுழல்கையில் சிறிது நேரம் நிலையம் அவர் கண்ணுக்கு மறைந்துவிடும். அச்சமயத்தில் நிலையத்திலிருந்த செர்கேய் கிரிகாலெவ், ஜான் பிலிப்ஸ் என்னும் இருவரும் தூரதிருஷ்டிக் கண்ணாடி பூண்ட காமிராக்களால் ஓடத்தின் அடிப்பாகத்தைப் படமெடுத்தனர். தீங்கு காணப்படின், எழுவரும் நிலையத்திலேயே தங்கி, வேறோர் ஓடத்தின் வரவை எதிர்நோக்குவதென்பது முன்னரே செய்த ஏற்பாடு.

பின்னர் ஓடம் நிலையத்தின் முன்புறம் சென்று நெருங்கலாயிற்று. நூறு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள அவ்வோடம் நிலையத்தைத் தொடும் வேளையில் அதன் அணுகு வேகம் வினாடிக்கு 3 சென்டிமீட்டர் அளவே. இரண்டின் வளையங்களும் பொருந்தி, சிறு கொளுவிகள் பற்றிக்கொண்டன. அசைவு அடங்கியபின் வலிய கொக்கிகள் இறுகின. காற்றுக் கசிவு இல்லையென்று சோதித்த பின்னரே கதவுகள் திறக்கப்பட்டன.

எடுத்த படங்கள் வீண்போகவில்லை. அடிப்பாகத்து ஓடுகளின் இடையே வைத்த நிரப்புத் துணிகள் இரண்டு வெளியே நீண்டிருந்தமை அவற்றால் விளங்கிற்று. ஆகஸ்டு 3-ஆம் நாள் ஸ்டீபன் ராபின்சன் நிலையத்தின் இயந்திரக் கரத்தின் நுனியில் நின்று ஓடத்தின் அடியிற் சென்று, அவற்றைக் கையாலேயே உருவி எடுத்தார். ஆகஸ்டு 9-ஆம் நாள் எழுவரும் கலிபோர்னியாவில் நலமே இறங்கினர். எனினும், டிஸ்கவரி புறப்பட்டபோதும் பெரிய நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து, நல்வினைப்பயனாக ஓடத்தின்மேற் படாமற் போயிற்று. ஆகவே அக்குறை நீங்கும்வரை, 2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம்வரையில், வேறோர் ஓடமும் அனுப்பப்படவில்லை.

2011-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அட்லாண்டிஸ் திரும்பியதோடு விண்ணோடங்களின் பணி முடிந்தது. அதுகாறும் நிலையத்தை அணுகிய ஓடங்கள் தம் அடிப்பாகத்தைச் சுழன்று காட்டுவதை வழக்கமாகக் கொண்டிருந்தன. தன் கண்ணுக்குத் தோன்றாத சிதைவைப் பிறர் கண்ணாற் பார்த்துக்கொள்வதே அதன் பயன். கொலம்பியாவிற் சென்ற எழுவருக்கு அவ்வாறு பார்த்துச் சொல்வார் ஒருவரும் இலராயினர்; அவர்க்குப் பின் சென்றோர்க்கு அந்தக் குறை இல்லையாயிற்று.