டண்டணக்காவுக்கும் கணக்கு உண்டு

பறை என்றதும் 'டண்டணக்கா' என்று வாயால் அடித்துக் காட்டிச் சிரிப்பவர்களை ஊரிலும் பார்க்கிறோம், சினிமாவிலும் பார்க்கிறோம். "மிருதங்கத்துக்குக் கணக்கு உண்டு. பறைக்கு என்ன கணக்கு? கை போன போக்குதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்தப் பேச்சைக் கேட்டே குச்சியைக் கீழே போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இந்த முறை கணக்கையே பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு வெளிநாட்டுப் படைப்பு. இங்கிலாந்து இசையமைப்பாளர் பிரையன் ஃபெர்னிஹோ 1991-92இல் எழுதிய 'போன் ஆல்பபெட்'. அமெரிக்கத் தாளக் கலைஞர் ஸ்டீவன் ஷிக்குக்காக எழுதப்பட்டது. ஒரே ஆள், ஏழு கருவிகள். எந்தக் கருவிகள் என்பதை வாசிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம். தோலோ, மரமோ, உலோகமோ. ஆனால் எழுதிய கணக்கு பிசகக் கூடாது. ஒரு கை ஒரு வேகத்தில் போகும்போதே மறு கை வேறொரு வேகத்தில் போக வேண்டும். இதைக் கற்றுக்கொண்ட விதத்தை ஷிக் பிறகு ஒரு கட்டுரையாகவே எழுதினார். அவ்வளவு உழைப்பு.

இத்தகைய தாளங்களைப் பிரித்துப் பார்க்க உதவுவது நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் படிக்கும் மீச்சிறு பொது மடங்குதான். எளிய உதாரணம்: வலக்கை மூன்று அடி அடிக்கும் நேரத்தில் இடக்கை நான்கு அடி அடிக்க வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் பொது மடங்கு 12. ஒன்று முதல் பன்னிரண்டு வரை மெதுவாக எண்ணுங்கள். வலக்கை 1, 5, 9இல் விழட்டும். இடக்கை 1, 4, 7, 10இல் விழட்டும். சேர்த்துக் கேட்டால் அடிகளுக்கு இடையிலான தூரம் 3, 1, 2, 2, 1, 3. முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒன்றே, 'விகடகவி' என்ற சொல்லைப் போல. நான்குக்கு ஐந்து என்றால் 20 வரை எண்ண வேண்டும்: 4, 1, 3, 2, 2, 3, 1, 4. வகுப்பு மேசையில் தட்டிப் பார்க்கலாம், ஆசிரியர் இல்லாத நேரத்தில்.

காகிதத்தில் முடிந்த கணக்கு கைக்கு ஏறுவதுதான் பெரும்பாடு. எண்ணிக்கொண்டே இருந்தால் இசை வராது.

நம் பறை ஆசான்கள் இதை வேறு வழியில் கடத்துகிறார்கள். முதலில் வாய், பிறகு கையும் காலும். கேலிக்கு ஆளாகும் அந்த 'டண்டணக்கா' உண்மையில் வாய்ப்பாடத்தின் ஒரு துண்டு. மிருதங்கக்காரரின் 'தகதிமி' எப்படியோ அப்படி. குட்டையான, தடித்த அடிக்குச்சி ஒரு கையில்; நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி மறு கையில். நீளமும் கனமும் வேறு, ஓசையும் வேறு. குழுவில் சிலர் ஓர் அடியைப் பிடித்து நிற்க, முன்னால் நிற்பவர் ஆடிக்கொண்டே அதன்மேல் இன்னொரு அடியை ஏற்றுவார். இரண்டு இசையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அங்கே எழுதிய தாள், இங்கே நினைவு. ஆனால் கணக்கில்லாமல் இரண்டுமே நிற்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று சாதியைக் காட்டிக் கட்டாயப்படுத்துவது வேறு. விரும்பிக் கற்பது வேறு. கட்டாயத்தை மறுத்துப் பறையைத் துறந்த குடும்பங்களின் முடிவை நாம் மதிக்கிறோம். அவர்களிடம் போய்க் கலை அழிகிறதே என்று புலம்ப யாருக்கும் உரிமையில்லை.

விரும்பிக் கற்பவர்களுக்கு என்ன வழி? அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மிருதங்கமும் தவிலும் 3 ஆண்டுப் படிப்புகள். பறைக்கும் அதே மூன்றாண்டும், அதே சான்றிதழும், ஆசிரியர் பணியிடமும் வேண்டும். அந்தப் பணியிடத்தில் பட்டம் பார்க்காமல் ஊர் ஆசான்களை அமர்த்த வேண்டும். சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி என்று அவர்கள் நினைவில் மட்டும் இருக்கும் அடிகளை, அவர்கள் இருக்கும்போதே எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைக்க வேண்டும்.