பரணில் பழைய பாய்மரப் படகு இருக்கா? உப்புத்தாளை எடுக்கும் முன் இதைப் படிங்க!

பரணைச் சுத்தம் செய்யும்போது டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்னப் பாய்மரப் படகு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது" என்கிறார்கள் வீட்டில். கொழும்போடு வியாபாரத் தொடர்பு இருந்த நெல்லை, தூத்துக்குடி வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். உடனே என்ன தோன்றும்? நல்லா தேய்த்து, பளபளன்னு பெயின்ட் அடிக்கணும்! அங்கேதான் தப்பு தொடங்குகிறது.

ஷோகேஸ் பொருளா, ஓடும் படகா?

முதலில் இதைக் கண்டுபிடிக்கணும். அடிப்பகுதியில் கனமான ஈயம் இருக்கிறதா? சுக்கான் திரும்புகிறதா? அப்படியென்றால் அது குளத்தில் நிஜமாகவே ஓடுவதற்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம். மேலை நாடுகளில் இது பெரியவர்களின் விளையாட்டு. 1930களில் அமெரிக்காவின் மார்பிள்ஹெட் ஊரில் உருவான ஒரு வகைக்கு நீளம் 50 அங்குலம், பாயின் பரப்பு 800 சதுர அங்குலம் என்று கணக்கே உண்டு.

பின்னால் இருக்கும் பித்தளைத் துண்டு எதற்கு?

அப்போது ரிமோட் கிடையாது. ஒரு கரையில் தள்ளிவிட்டால் படகு தானே திசை பிடித்து மறுகரை சேரணும். இதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஜார்ஜ் பிரெய்ன் பெயரில் ஒரு கருவி புழக்கத்துக்கு வந்தது. காற்று பலமாக அடித்தால் பாயின் கயிறு இழுபடும். அந்த இழுப்பு சுக்கானைத் திருப்பும். காற்று தணிந்தால் ஒரு ரப்பர் பட்டை சுக்கானைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். அவ்வளவுதான் டெக்னாலஜி. இது தெரியாமல் 'ஏதோ உடைஞ்ச துண்டு' என்று தூக்கிப்போட்டால், படகின் மூளையையே தூக்கிப்போட்ட மாதிரி.

அதனால் எதையும் கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். எந்தக் கயிறு எந்தக் கொக்கிக்குப் போகிறது என்று குறித்து வையுங்கள்.

ஏன் தேய்க்கக் கூடாது?

முதல் காரணம் உடல்நலம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது ரொம்ப ஆபத்து. இரண்டாவது, பழைய நிறமும் எழுத்தும்தான் படகின் வயதைச் சொல்லும் சாட்சி. மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, லேசாக ஈரமான பஞ்சால் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பசையும் பாயும்

பிரிந்த பலகைக்கு உடனே எபாக்சி வேண்டாம். தச்சர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரம் வெதுவெதுப்பான நீரில் இளகும். நாளை தப்பு தெரிந்தால் பிரித்துச் சரிசெய்யலாம். ஆனால் அதே காரணத்தால் அது குளத்துத் தண்ணீரைத் தாங்காது. ஆக, காட்சிக்கா, ஓட்டவா என்பதை முதலிலேயே முடிவு செய்யணும்.

பழைய பருத்திப் பாயைத் துவைத்து இஸ்திரி போடாதீர்கள், இழை விட்டுப்போகும். அதை அளவெடுத்துப் புதுப் பாய் தைத்துக்கொண்டு, பழையதைச் சுருட்டிப் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவு மெனக்கெடணுமா?

தூத்துக்குடி தோணிகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் பாயை மட்டும் நம்பி கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவை. இன்று இன்ஜினில் ஓடுகின்றன. அரசு ஆவணத்தில் 'இயந்திரம் பொருத்திய பாய்மரக் கப்பல்' என்ற பெயர் மட்டும் நிற்கிறது. அடிமரத்துக்கு ஏரா, முன்பக்கத்துக்கு அணியம், பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், இழுத்துக் கட்டும் கயிற்றுக்கு தாமான், பலகை இடுக்கை அடைப்பதற்குக் கலப்பத்து என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. பாய் போனால் இந்தச் சொற்களுக்கும் வேலை போய்விடும். பரணில் இருப்பது வெளிநாட்டுப் படகோ, யாரோ ஒரு தச்சர் செய்த குட்டித் தோணியோ, அதன் கயிறுகள் கட்டியபடியே இருந்தால்தான் இவற்றைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்ட முடியும்.

ஓட்டிப் பார்க்கவும் ஆசை விடவில்லையா? அசலை அலமாரியில் வையுங்கள். அதே அளவில் ஒரு நகல் செய்து, முதலில் வீட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பாருங்கள். ஒழுகவில்லை, சாயவில்லை என்றால் நயினார்குளம் போகலாம். ஆனி, ஆடிக் காற்று மட்டும் கொஞ்சம் தணியட்டும்!