நூற்றியோரு வயதில் ஒரு வழக்கு

'கான் வித் த விண்ட்' (1939) படத்தின் சாதுவான மெலனியை நினைவிருக்கிறதா? அந்த ஒலிவியா டி ஹாவிலண்ட் நிஜத்தில் சாது அல்ல. நடிகர்களை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்டிப்போடக் கூடாது என்று வார்னர் பிரதர்ஸுக்கு எதிராக 1944-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியவர்!

பெட்டி டேவிஸ், ஜோன் கிராஃபோர்ட் பகையைச் சொல்லும் 'ஃப்யூட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2017-ல் வந்தது. அதில் ஒலிவியாவாக காதரின் ஸீட்டா ஜோன்ஸ். 1978-ல் பேட்டி கொடுப்பதாகக் காட்சி. வேறோர் இடத்தில் தங்கை ஜோன் ஃபோன்டைனைக் கெட்ட வார்த்தையால் குறிப்பிடுகிறார். பேட்டியும் கற்பனை, வார்த்தையும் கற்பனை என்று பாரிஸில் வாழ்ந்த ஒலிவியா வழக்குத் தொடுத்தார், தமது 101-வது பிறந்த நாளுக்கு முதல் நாள்.

உண்மை மனிதர்களைச் சித்திரிக்க அனுமதி தேவையில்லை என்று 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தங்கையை 'டிராகன் லேடி' என்று அவரே சொன்னதுண்டாம். அதனால் பெரிய வித்தியாசமில்லையாம். எனக்கு இது ஒப்பவில்லை. படைப்புச் சுதந்திரம் வேண்டியதுதான். ஆனால் செத்தவர்களைப் பற்றிக் கற்பனை செய்வது வேறு. உயிரோடிருப்பவர் வாயில் சொல்லாத வசையைத் திணிப்பது வேறு. பார்க்கிறவர்களுக்கு எது நிஜம் என்று எப்படித் தெரியும்?

2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மனுவை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், 104 வயதில் ஒலிவியா காலமானார்.