காற்று மெலியும் பாதை

நுழையும்முன்

மலையேற்றம் கால்களின் வலிமையைப் பொறுத்தது என்று பலரும் கருதுவர். மிக உயர்ந்த மலைகளிலோ கால்களுக்கு முன்பாக நுரையீரலும் குருதியும் மூளையும் சோதனைக்கு உள்ளாகின்றன. அச்சோதனையை அறிந்து ஆயத்தமானவர்கள் நலமுடன் திரும்புகின்றனர். எவரெஸ்ட் அடிவார முகாம்வரை செல்லும் நடைப்பயணத்தைச் சான்றாகக் கொண்டு, உயர்மலைப் பயணத்திற்கு ஆயத்தமாகும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கும்பு நிலப்பகுதி

நேபாள நாட்டின் வடகிழக்கில் அமைந்த கும்பு பகுதி, ஷெர்பா மக்களின் வாழிடமாகும். 'ஷெர்பா' என்னும் சொல் 'கிழக்குத் திசை மக்கள்' என்னும் பொருளைத் தருவது. 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரம் இப்பகுதியின் வட எல்லையில் நிற்கிறது. இங்கு 1976ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சாகர்மாதா தேசியப் பூங்கா, 1979ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

பயணிகளுள் பெரும்பாலோர் லுக்லா என்னும் சிற்றூருக்கு வானூர்தியில் சென்று, அங்கிருந்து நடக்கத் தொடங்குகின்றனர். அவ்வூரின் வானூர்தி ஓடுதளம் ஏறத்தாழ 527 மீட்டர் நீளமே உடையது. அதன் ஒரு முனையில் மலைச்சுவரும் மறுமுனையில் ஆழ்ந்த பள்ளத்தாக்கும் உள்ளன. முகில் சூழ்ந்தால் வானூர்திகள் இயங்குவதில்லை. ஆதலால், பயணத் திட்டத்தில் சில நாள்களைக் கூடுதலாக ஒதுக்குவது முதல் ஆயத்தமாகும்.

தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். நடைப்பயணம் தொடங்கும் லுக்லாவோ ஏறத்தாழ 2,860 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் நாட்டுத் தென்பகுதியின் மலைகள் முடியும் உயரத்தைக் கடந்த பிறகே இப்பயணம் தொடங்குகிறது எனலாம். பயணத்தின் இலக்கான அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் உள்ளது. லுக்லாவுக்கு அப்பால் ஊர்திச் சாலை இல்லை. நோயுற்றவரை விரைந்து கொண்டுசெல்ல வேண்டுமாயின் மனித முதுகையோ விலங்குகளையோ ஹெலிகாப்டரையோ நாட வேண்டும்.

மெலியும் காற்று

கடற்கரையிலும் மலையுச்சியிலும் காற்றில் உள்ள ஆக்சிஜனின் விகிதம் ஒன்றே. அஃது ஏறத்தாழ 21 விழுக்காடு. ஆயினும், உயரே செல்லச் செல்ல வளிமண்டல அழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே இருக்கும். எனவே, ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் ஆக்சிஜனும் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

இவ்வுண்மை எளிதில் புலப்படவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளைக் கடந்தபோது உண்டான கடும் வாந்தியையும் சோர்வையும் ஹோசே தெ அகோஸ்தா என்னும் ஸ்பானியத் துறவி 1590ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விவரித்தார். அந்நோய்க்கு ஆக்சிஜன் குறைவே காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் பால் பெர்ட் ஆய்வுகளின் வழியாக நிறுவி, 1878ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1875ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், 'செனித்' என்னும் பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் பறந்தனர். அவர்களிடம் ஆக்சிஜன் நிரப்பிய பைகள் இருந்தன. ஆபத்து நெருங்கியபோது அவற்றின் குழாயைப் பற்றுவதற்குக் கையை உயர்த்தவும் அவர்களால் இயலவில்லை. இருவர் உயிரிழக்க, உயிர் தப்பிய காஸ்டன் திசாந்தியே அந்நிலையை எழுதிவைத்தார். அந்நேரத்தில் தமக்குத் துன்பம் ஏதும் தோன்றவில்லை என்றும், மாறாக மகிழ்ச்சியே நிறைந்திருந்தது என்றும் அவர் குறித்துள்ளார்.

ஆக்சிஜன் குறையும்போது முதலில் தளர்வது மூளையே. தளர்ந்த மூளையால் தன் தளர்ச்சியை அளந்தறிய முடியாது. ஆகவே, எந்நிலையில் ஏறுவதை நிறுத்துவது, எந்நிலையில் இறங்குவது என்னும் முடிவுகளைச் சமவெளியில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். உயர்மலைப் பயண ஆயத்தத்தின் உயிர்நாடி இதுவே.

உடல் பழகும் முறை

குறைந்த ஆக்சிஜனுக்கு ஏற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையது. முதலில் மூச்சும் இதயத்துடிப்பும் விரைவடைகின்றன. மூச்சு விரைவதால் கரியமிலவாயு மிகுதியாக வெளியேறி, குருதியின் காரத்தன்மை கூடுகிறது. அதனைச் சரிசெய்யச் சிறுநீரகங்களுக்குச் சில நாள்கள் தேவை. செங்குருதி அணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். இம்மாற்றங்களை உடற்பயிற்சியாலும் மனவுறுதியாலும் விரைவுபடுத்த இயலாது. காலம் ஒன்றே அவற்றை நிகழ்த்தும்.

எனவே, 3,000 மீட்டருக்கு மேல் சென்ற பின், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்றும், மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் வரையறுத்துள்ளனர். 'பகலில் உயர ஏறு. இரவில் தாழ உறங்கு' என்பது மலையேறுவோரிடையே வழங்கும் விதியாகும்.

கும்பு பாதையின் பயணத்திட்டம் இவ்விதியைத் தழுவியே அமைகிறது. 2,610 மீட்டர் உயரமுள்ள பாக்டிங்கிலிருந்து 3,440 மீட்டர் உயரமுள்ள நாம்சே பஜாருக்கு ஒரே நாளில் ஏற நேர்கிறது. இவ்வுயர்வு மிகுதியாதலால், நாம்சேயில் இரண்டு இரவுகள் தங்குவர். அடுத்து 3,860 மீட்டரில் தெங்போச்சே. அதன்பின் 4,410 மீட்டரில் திங்போச்சே. அங்கும் இரண்டு இரவுகள் தங்கியபின், 4,940 மீட்டரில் உள்ள லோபுச்சேயை அடைவர். மறுநாள் 5,164 மீட்டரில் உள்ள கோரக் ஷெப்பை அடைந்து, அடிவார முகாமைக் கண்டு, மீண்டும் கோரக் ஷெப்புக்கே வந்து உறங்குவர். தங்கும் நாள்களிலும் அருகிலுள்ள குன்றில் ஏறி இறங்குவது பயன் தரும். விடுப்பு குறைவு என்னும் காரணத்தால் இந்த ஓய்வு நாள்களை நீக்குவோரே பெரிதும் இடருக்கு உள்ளாகின்றனர்.

உடற்பயிற்சியின் எல்லை

பயணத்திற்கு இரண்டு மூன்று திங்கள்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குதல் நன்று. நீண்ட தொலைவு நடத்தல், படிக்கட்டுகளில் ஏறி இறங்குதல், முதுகில் பையைச் சுமந்து நடத்தல் ஆகியன கால்களையும் இதயத்தையும் வலுப்படுத்தும். இதயநோய், மூச்சுநோய் முதலியன உடையோர் மருத்துவரின் கருத்தறிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

ஆயினும், உடல்வலிமை உயர்மலை நோயைத் தடுக்காது. இளைஞர், விளையாட்டு வீரர் என எவரையும் அந்நோய் விட்டுவைப்பதில்லை. வலிமையுடையோர் விரைந்து ஏறிவிடுவதால், அவ்வலிமையே சிலபோது தீங்காக முடிவதும் உண்டு.

உடையும் பொருள்களும்

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. தடித்த ஓருடையைவிட அடுக்கடுக்காக அணியும் உடைகளே ஏற்றவை. உள்ளாடை வியர்வையை வெளியேற்றுவதாகவும், இடையாடை வெப்பத்தைக் காப்பதாகவும், மேலாடை காற்றையும் ஈரத்தையும் தடுப்பதாகவும் அமைய வேண்டும். பருத்தியாடை வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராமல் உடலைக் குளிரச் செய்துவிடும். காலணிகளைப் புதிதாக வாங்கியவுடன் மலைக்கு அணிந்து செல்லாது, சில வாரங்கள் நடந்து பழக்கிக்கொள்ள வேண்டும்.

உயரத்தில் புற ஊதாக் கதிர்களின் தாக்கம் மிகுதி. பனி அவற்றை மீண்டும் முகத்தின்மீது தெறிக்கச் செய்யும். தகுந்த கண்ணாடி அணியாதோர் பனியொளியால் தற்காலிகமாகப் பார்வை இழப்பதுண்டு. கடுங்குளிரில் மின்கலங்கள் விரைவில் ஆற்றல் இழப்பதால், இரவில் அவற்றை உறக்கப் பைக்குள் வைத்துக்கொள்வர். பயணி கொண்டுசெல்லும் நெகிழிப் பொருள்களைத் தாமே திரும்பக் கொண்டுவருதலும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. குளிர்நிலத்தில் வீசியெறிந்த குப்பை எளிதில் மட்குவதில்லை.

தெரிந்து தெளிவோம்

காற்றழுத்தம் குறையும்போது நீரின் கொதிநிலையும் குறைகிறது. ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் நீர் 83 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும். எனினும், நோய்க் கிருமிகளை அழிக்க அவ்வெப்பம் போதுமானது; கொதித்த நீரை அச்சமின்றிப் பருகலாம்.

நோயை அறிதல்

தலைவலியே உயர்மலை நோயின் முதன்மையான அறிகுறி. அதனுடன் குமட்டல், தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு ஆகியன சேரும். இவை தோன்றினால், நீங்கும்வரை மேலே ஏறலாகாது. ஓய்வுக்குப் பின்னும் மிகுந்தால் உடனே இறங்க வேண்டும்.

நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். அந்நிலையில் அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் தொடரும். மூளையில் வீக்கம் உண்டானால் நடை தடுமாறும், பேச்சு குழறும். ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் செய்தால் இத்தடுமாற்றம் புலப்படும். இவ்விரு நிலைகளும் உயிரைப் பறிக்க வல்லவை. நள்ளிரவாயினும் விடியலுக்குக் காத்திராமல், துணையுடன் கீழே இறங்குவதே முதன்மையான மருத்துவம். அசிட்டசோலமைடு முதலிய மருந்துகளை மருத்துவரின் அறிவுரைப்படியே கொள்ள வேண்டும். அவை இறங்குதலுக்கு ஈடாகா. 1973ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இமாலய மீட்புக் கழகம், திங்போச்சேக்கு அருகிலுள்ள பெரிச்சேயில் பயணப் பருவங்களில் மருத்துவ நிலையம் நடத்திப் பயணிகளுக்கு இவற்றை அறிவுறுத்தி வருகிறது.

சுமப்போரின் நலம்

பயணியின் சுமையைப் பெரும்பாலும் மற்றொருவரே சுமக்கிறார். மலைவாழ் மக்கள் அனைவரையும் உயரம் தீண்டாது என்பது தவறான எண்ணம். சுமை தூக்குவோருள் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து பிழைப்புக்காக வருவோர். உயரம் பயணிக்குப் புதிது போலவே அவர்களுக்கும் புதிது. பயணியிடம் இருக்கும் குளிராடையும் காலணியும் அவர்களுள் பலரிடம் இருப்பதில்லை.

1997ஆம் ஆண்டில் நேபாளத்தில் இளம் சுமைதூக்குநர் ஒருவர் உயர்மலை நோயால் தாக்குண்டார். அவருக்குரிய கூலியைக் கொடுத்து, துணை இன்றித் தனியே கீழே அனுப்பினர். அவர் வழியிலேயே உயிர் நீத்தார். இந்நிகழ்வின் விளைவாகவே சுமைதூக்குவோர் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு தோன்றியது. சுமை நேபாளத்தில் 30 கிலோகிராமை மிஞ்சலாகாது, தகுந்த உடையும் தங்குமிடமும் தரவேண்டும், நோயுற்றவரைத் தனியே இறக்கலாகாது என்பன அக்குழு வலியுறுத்தும் நெறிகளுள் சில. பயண ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே இவற்றைக் கேட்டறிவது பயணியின் கடமையாகும்.

திரும்பும் துணிவு

பெரும்பொருள் செலவிட்டு, பலநாள் நடந்து, இலக்கு கண்ணெதிரே தெரியும்போது திரும்புவது எளிதன்று. 'இன்னும் ஒரு நாள்தானே' என்னும் எண்ணமே பலரை மேலே இழுத்துச் செல்கிறது. ஆதலால், புறப்படும் முன்பே குழுவினர் ஒன்றுகூடித் திரும்பும் நிலைகளை வகுத்து எழுதிக்கொள்வர்; தலைவலியை மறைப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் உறுதி கூறுவர்; ஒருவர் இறங்க நேர்ந்தால் உடன் இறங்குபவர் யார் என்பதையும் முடிவு செய்வர். இங்ஙனம் சமவெளியில் தெளிந்த மனத்துடன் எடுத்த முடிவு, மலையில் மனம் மயங்கும் வேளையில் காவலாக நிற்கும். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதனைக் காண மனிதர் நலமுடன் இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. நண்பர்கள் ஐவர் நாம்சே பஜாரை அடைந்துள்ளனர். ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் உள்ளன. குழு எடுக்க வேண்டிய முடிவைக் காரணத்துடன் வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் மாவட்டத்திலுள்ள மலை ஒன்றுக்குச் செல்வதற்கான பயணத்திட்டத்தை, திரும்பும் நிலைகளையும் குறிப்பிட்டு எழுதுக.